நீருக்கு முன்னால் அணைந்த விளக்குகள்

என்சுவானோ சந்தையில் பொழுது சாயும்போது கரண்டை நிறுத்துவது பிராகோ அம்மாவின் வேலையாக இருந்தது. யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துச் சந்தைகளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ராணி உண்டு. தக்காளிக்கு ஒருத்தி, கிழங்குக்கு ஒருத்தி, துணிக்கு பிராகோ அம்மா. பெரிய உடம்பு, சின்னக் குரல். தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் கீழ்வாசலைப் பார்த்து இறங்க ஆரம்பித்தால், தையல்காரிகள் கடைசித் தையலை அடித்துப் பிடித்து ஓட்டி முடிப்பார்கள். இஸ்திரிப் பெட்டிகளின் வயர்களைப் பிடுங்குவார்கள். ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும் பாதிரியார் பாதி ஜெபத்தில் நின்றுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் சந்தை ஒரு சரிவில் இருக்கிறது. மேலே லாரி ரோட்டை ஒட்டி ஐஸ் மீன் வரிசை. அதற்குக் கீழே துணி, அதற்கும் கீழே தையல். எல்லாவற்றுக்கும் அடியில், பெரிய சாக்கடைக்குப் பக்கத்தில், ஜிப்பும் பித்தானும் நூலும் விற்கிற என்னைப் போன்றவர்கள். என் கடையிலிருந்து பார்த்தால் கீழ்வாசல் மேடை தெரியும். மூன்று படி ஏறினால் அந்த மேடையில் ஓர் இரும்புப் பெட்டி. சந்தைக்கு வரும் கரண்ட் முழுக்க அதற்குள் நுழைந்துதான் போகும். பெட்டியின் பக்கவாட்டில் முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி, முகப்பில் ஒரு கண்ணாடிச் சதுரம்.

பிராகோ அம்மா பூட்டைத் திறந்து கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே இழுப்பார். ‘டங்’ என்று ஒரு சத்தம். சந்தை முழுவதும் ஒரே மூச்சில் அடங்கிவிடும். பிறகு அவர் டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பார்ப்பார். உள்ளே மூன்று செம்புத் தகடுகள் தங்கள் வாயிலிருந்து விலகி நிற்கும். நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் காற்று. அந்தக் காற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் பூட்டுவார். நான் பல சாயங்காலம் அவருக்குப் பின்னால் நின்று அதை எட்டிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் அணைக்கட்டிலிருந்து வந்த அவ்வளவு பெரிய சக்தி, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் இருப்பது நாம் மூச்சு விடுகிற அதே காற்று. 

அவருக்கு இந்தப் பழக்கம் சந்தையில் நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு வந்தது. அந்த ராத்திரி யாரோ ஒரு கடையில் வயர் உருகிப் பிடித்த தீ, துணி வரிசையை முழுசாகத் தின்றுவிட்டது. விடிந்து வந்து பார்த்தபோது பிராகோ அம்மாவின் கடை இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தரை. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் அம்மா காலத்திலிருந்து சேர்த்த சரக்கு ஒரு முழம் மிச்சமில்லை. சாம்பலைக் கிளறியபோது ஃபியூஸ் கட்டை கிடைத்தது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று எவனோ அதில் ஆணி கனத்துக்கு ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தான். உருகிப் போயிருக்க வேண்டிய ஃபியூஸ் உருகவில்லை, கடைகள்தான் உருகின. அன்றிலிருந்து ‘தானாக’ என்ற சொல்லைக் கேட்டாலே பிராகோ அம்மாவுக்கு வாய் கோணிக்கொள்ளும்.

இதில் நஷ்டப்பட்டவள் டுஃபியே. மேல் வரிசையில் ஐஸ் மீன் விற்பவள், என் வயதுக்காரி, வாய் நிறைய பேச்சு. துணி ராத்திரி தூங்கும், மீன் தூங்குமா? சாயங்காலம் கைப்பிடி இறங்கினால் காலைவரை அவள் ஃப்ரீஸர்கள் சும்மா பெட்டிகள்தான். ஐஸ் வாங்கிக் கொட்டுவாள், சாக்கு போட்டு மூடுவாள். வெயில் காலத்தில் விடிவதற்குள் சூரை மீனின் கண் வெளுத்துவிடும். பிராகோ அம்மாவின் கடையைக் கடந்து போகும்போதெல்லாம், தன் மீன் நாறுகிறதென்று காட்ட, மூக்கைப் பொத்திக்கொள்வாள். “நம்ம சந்தைக்குச் சாயங்காலமானா பொண்டாட்டி செத்த வீடு மாதிரி ஒரு களை வந்துருது” என்று யாரிடமோ சொல்வதுபோல அவர் காதில் விழச் சொல்வாள்.

அவள்தான் லாரிபாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லாரிபா வடக்கே சவன்னாப் புல்வெளிப் பக்கத்துப் பெண். டெக்னிக்கல் பள்ளியில் படித்து, மின்சார வேலைக்கு லைசென்ஸ் வாங்கி, ஊரில் இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களுக்கு வயரிங் செய்தவள். மோட்டார் சைக்கிளில் வருவாள். பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி யோசித்துவிட்டு மீதியைச் சொல்வாள்.

அந்த வருஷம் சந்தைக்காரிகள் சங்கத்தில் கையிருப்பு ஒரே ஒரு பெரிய வேலைக்குத்தான் இருந்தது. பிராகோ அம்மாவின் திட்டம், வரிசைக்கு ஒரு கைப்பிடி சுவிட்ச் வைப்பது. கீழ்வாசலில் இருப்பதைப் போலவே, சின்னதாக. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெண் பொறுப்பு, அவள் இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். டுஃபியேயின் திட்டம், கடைக்கு ஒரு டிரிப்பர். எங்காவது வயர் கோளாறானாலோ கரண்ட் தரைக்குக் கசிந்தாலோ அது தானாக விழுந்துவிடும், அந்தக் கடை மட்டும் அணையும், மற்றவர்கள் ராத்திரியும் கரண்ட் வைத்துக்கொள்ளலாம். எதைச் செய்வது என்று முடிவு பண்ண லாரி ஷெட்டில் கூட்டம் போட்டார்கள்.

லாரிபா ஒரு பலகையில் டிரிப்பரும் பல்பும் பொருத்திக் கொண்டு வந்திருந்தாள். பல்பு எரிந்தது. ஒரு வாளித் தண்ணீரில் எர்த் கம்பியைப் போட்டுவிட்டு, இன்னொரு வயரின் நுனியை ஒரு நீளக் கட்டையில் கட்டி மெல்ல இறக்கினாள். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். வயர் தண்ணீரைத் தொட்டது. ‘டிக்’ என்றது. பல்பு அணைந்தது. பொறி இல்லை, புகை இல்லை.

பிராகோ அம்மா கொஞ்ச நேரம் வாளியையே பார்த்தார்.

“இவ்வளவுதானா? எங்க வீட்டுக் கரப்பான்பூச்சி இதைவிடச் சத்தமா நடக்கும்.”

ஷெட் முழுக்கச் சிரித்தது. லாரிபாவும் சிரித்துவிட்டாள். பிராகோ அம்மா சிரிக்கவில்லை.

“ஃபியூஸும் தானாப் போற சாமான்தானே? அன்னிக்கு ஏன் போகலை?”

“யாரோ தடிச்ச கம்பியைச் சுத்தி வச்சிருந்தாங்கம்மா. அதனால போகலை.”

“அப்போ இதைச் சுத்தியும் யாராவது ஒரு வயரை இழுத்து வப்பாங்க.”

லாரிபா யோசித்தாள். “வைக்கலாம். அதைத் தடுக்க என்கிட்ட சாமான் ஏதும் இல்ல.”

“சரி. இது விழுந்துருச்சுன்னா, உள்ள பிரிஞ்சிருக்குன்னு நான் எப்படிக் கண்ணால பாக்கிறது?”

“பாக்க முடியாதும்மா. பிரியறது உள்ளுக்குள்ள. வெளிய இந்தக் குமிழ் மட்டும்தான் இறங்கும்.”

“குமிழை நம்பி நீ வயர்ல கை வப்பியா?”

“மாட்டேன்” என்றாள் லாரிபா. “நான் கை வைக்கணும்னா உங்க கைப்பிடி இறங்கியிருக்கணும். அதுல பூட்டும் தொங்கணும்.”

டுஃபியே தலையில் அடித்துக்கொண்டாள். தான் கூட்டிவந்த ஆளே எதிர்க்கட்சிக்குப் பேசுகிறாளே என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் முறையிட்டாள். ஆனால் லாரிபா இன்னும் முடிக்கவில்லை.

“உங்க கைப்பிடியை நான் குறை சொல்ல வரலைம்மா. ஆனா அதை இழுக்க ஒரு கை வேணும். நீங்க வீட்டுல தூங்கிட்டு இருக்கும்போது யாரு இழுக்கிறது?”

“நான் தூங்கப் போறதுக்கு முன்னாடியே இழுத்துர்றேனே.”

“அதான் எம் மீன் நாறுது” என்றாள் டுஃபியே.

அதற்குப் பிறகு கூட்டத்தை அடக்க முடியவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் தூக்குவார்கள் என்று, ஷெட்டின் இரண்டு மூலையில் பிரிந்து நிற்கச் சொன்னார்கள். நான் பிராகோ அம்மாவின் மூலையில் நின்றேன். அந்தக் காற்றைக் கண்ணால் பார்த்தவள் நான், வேறெதையும் நம்பத் தோன்றவில்லை. எண்ணிப் பார்த்ததில் டுஃபியேயின் மூலையில் கொஞ்சம் அதிகம் பேர். டிரிப்பர் என்று முடிவானது. பிராகோ அம்மா எழுந்து சேலைபோல் சுற்றியிருந்த துணியை உதறிக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: கீழ்வாசல் கைப்பிடியை யாரும் கழற்றக்கூடாது, சாவி தன்னிடம்தான் இருக்கும். அதைக் கழற்றச் சொன்னால் நானே வேலையை விட்டுப் போய்விடுவேன் என்றாள் லாரிபா.

லாரிபா வேலையை ஒழுங்காகச் செய்தாள். பழைய வயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டு, வரிசைகளுக்குப் போகும் வயரைக் கூரையோடு கொண்டுபோனாள். ஒவ்வொரு கடையிலும் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ளே டிரிப்பர். அதில் குமிழுக்குப் பக்கத்தில் மிளகு அளவு ஒரு பித்தான். மாதம் ஒருமுறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும், குமிழ் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரி கைப்பிடியை இறக்குவது நின்றது, பித்தானை அமுக்குவதை இரண்டாவது மாதமே எல்லோரும் மறந்துபோனோம்.

மறக்காதவர் பிராகோ அம்மா. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஒரு பழைய துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு கடை கடையாக நுழைந்து பித்தானைக் குத்துவார். தையல்காரிகள் முனகுவார்கள், சூடேறிய இஸ்திரிப் பெட்டி ஆறிவிடும் என்பார்கள். டுஃபியே, “தோத்தவங்க கையில கோலைக் கொடுத்தா இப்படித்தான்” என்று கிண்டல் செய்வாள்.

“தானா விழும்னு சொல்ற சாமானை என் கண் முன்னால விழ வச்சுப் பாக்கணும்டி” என்பார் அவர். “விழுந்தா உனக்கு நல்லது. விழலைன்னா எனக்குச் சந்தோஷம்.”

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய திங்கட்கிழமை அவர் என் கடைப் பித்தானைக் குத்தினார். பல்பு அணையவில்லை. மறுபடி குத்தினார். எரிந்துகொண்டே இருந்தது. சந்தோஷப்படுவேன் என்று சொன்ன மனுஷியின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்து, அப்போதே லாரிபாவுக்கு போன் போட்டார். மறுநாள் லாரிபா வந்து பெட்டியை மாற்றினாள். பழையதை உடைத்துப் பார்த்தபோது உள்ளே துரு. புதியதைப் பொருத்தியதும் பிராகோ அம்மா கையாலேயே பித்தானை அமுக்கச் சொன்னாள். விழுந்தது. திருப்பி ஏற்றி இன்னொரு முறை அமுக்கினார். அதுவும் விழுந்தது.

வெள்ளம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாள் சனிக்கிழமை, பெரிய வீட்டுச் சவ அடக்கம் ஒன்று. குடும்பம் முழுவதற்கும் கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி தைத்தாக வேண்டும் என்று தையல் வரிசையில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தலைக்கு மேலே மழை சாதாரணமாகத்தான் பெய்தது. மலைப் பக்கத்தில் எவ்வளவு பெய்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதலில் சாக்கடை செம்மண் நிறத்துக்கு மாறியது. பிறகு அதிலிருந்து ஒரு கோழிக்கூண்டு மிதந்து வந்து என் கடை வாசலில் முட்டியது. நான் சிரித்துக்கொண்டே அதைத் தள்ளிவிட்டேன். திரும்புவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சரக்கைத் தூக்கினேன். நூல் பெட்டிகளை மேல் பலகைக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரி வாயசைப்பது தெரிகிறது, பேச்சு கேட்கவில்லை. கரண்ட் என்ற ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. என் கடையில் பிளக் போர்டு முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. டேபிள் ஃபேன் அதில்தான் மாட்டியிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது.

பிராகோ அம்மாவுக்கு நினைவு வந்திருக்கிறது. துணி வரிசையிலிருந்து அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்தேன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. தையல் வரிசை முனை வரைக்கும்தான் அவரால் வர முடிந்தது. அதற்குக் கீழே சாக்கடையின் கரை உடைந்து, கீழ்வாசல் மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மேடையும் பெட்டியும் அந்தப் பக்கம் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. கைப்பிடி மேலேயே இருக்கிறது. போக வழியில்லை. அவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். தண்ணீரை விட்டு ஏறுங்கள், எதையும் தொடாதீர்கள் என்று கத்தினாராம். பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். அப்போது எனக்கு அவர் கையாட்டுவது மட்டும் தெரிந்தது. நான் தண்ணீருக்குள் நின்று ஒரு கையால் இரும்புத் தூணைப் பிடித்திருந்தேன்.

என் பல்பு அணைந்தது.

அவ்வளவுதான். என் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு எறும்பு கடித்த அளவுகூட இல்லை. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. குனிந்து பார்த்தால் பிளக் போர்டைத் தண்ணீர் மூடியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்து பித்தளை வளையம் விற்பவளின் கடை அணைந்தது. அடுத்து அதற்குப் பக்கத்துக் கடை. ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை. பெண்கள் தலையில் மூட்டையோடு நின்ற இடத்திலேயே நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் வரிசை முழுவதும் ஒன்று மாற்றி ஒன்றாக இருண்டது. தையல் வரிசை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் மேலே ஏறியது. தையல் வரிசையின் முதல் கடையில் தரையோடு கிடந்த போர்டைத் தொட்டது, அந்தக் கடை அணைந்தது. பிறகு அடுத்தது. நாம் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போவோமே, அதைப்போலக் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருத்தி தண்ணீருக்கு ஓர் அடி முன்னால் நடந்து ஒவ்வொரு கடையாக அணைத்துக்கொண்டு போனாள். அவசரமே இல்லை அவளிடம். ஒரு கடையைக்கூட அவள் தவறவிடவில்லை. தண்ணீர் தொடாத ஒரு கடையைக்கூட அவள் அணைக்கவும் இல்லை.

பிராகோ அம்மா கத்துவதை நிறுத்திவிட்டார். நின்ற இடத்திலேயே சாவியோடு நின்று, எங்களைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் அவர் தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது.

எங்கே வெளிச்சம் இருக்கிறதோ அங்கே தரை காய்ந்திருக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டது யார் என்று தெரியவில்லை. ஒருத்தி ஏறினாள், எல்லோரும் ஏறினோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர், மழை மேகத்தில் கூரைக்கடியில் இருட்டு, காலுக்கடியில் என்னென்னவோ உருளுகிறது. நிமிர்ந்து பார்த்தால் மேலே விளக்குகள். அவற்றைப் பார்த்தே நடந்தோம். துணி வரிசையின் நடுவில் தண்ணீர் நின்றுவிட்டது. மேல் வரிசையில் டுஃபியேயின் ஃப்ரீஸர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த உறுமல் சத்தத்துக்குப் பக்கத்தில் ஈரத்துணியோடு கூடி நின்று எங்களை நாங்களே எண்ணினோம். எல்லோரும் இருந்தோம். திரும்ப எண்ணச் சொன்னாள் ஒருத்தி. திரும்பவும் எல்லோரும் இருந்தோம்.

மழை விட்டதும் வெள்ளம் வந்த வேகத்திலேயே இறங்கியது. லாரிபா வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் மோட்டார் சைக்கிள் ஒரே சேறு. அவள் வருவதற்குள் எங்களுக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. சாவு வீட்டுத் துணி பாக்கி இருக்கிறதே என்று ஒரு தையல்காரி குமிழைத் தூக்கி விட்டாள், அது விழுந்தது. இன்னும் பலமாகத் தூக்கினாள், விழுந்தது. இன்னொருத்தி குமிழைத் தூக்கி நிறுத்திக் கயிறு கட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டினாலும் உள்ளே அது விழுந்துவிடும், உன் கயிற்றுக்கு அது பயப்படாது என்று லாரிபா அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

பிறகு கடை கடையாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். போர்டுகளுக்குள் சேறு, சில இடத்தில் வயரே அறுந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பிரித்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். அதுவரை சந்தைக்குள் எங்கேயும் கரண்ட் இருக்கக்கூடாது. மேல் வரிசையிலும்.

எல்லோரும் டுஃபியேயைப் பார்த்தோம். அவள் ஃப்ரீஸர்கள் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. அன்று காலைதான் லோடு இறங்கியிருந்தது. அவள் ஒரு ஃப்ரீஸரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இழுங்கக்கா” என்றாள் பிராகோ அம்மாவிடம். “நல்லா கீழ வரைக்கும் இழுங்க.”

லாரிபா ரப்பர் பூட்ஸ் போட்டு, டெஸ்டரால் மேடையையும் பெட்டியையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். பிராகோ அம்மா சேற்றில் கால் புதையப் புதைய நடந்து போனார். நானும் பின்னால் போனேன். அவர் பூட்டைத் திறந்துவிட்டு, கைப்பிடியிலிருந்து விலகி, சாவியை லாரிபாவிடம் நீட்டினார். நீ படித்தவள், நீயே செய் என்கிற மாதிரி. லாரிபா வாங்கவில்லை.

“நீங்க இழுங்கம்மா. பூட்டிட்டு சாவியை இடுப்புல முடிஞ்சு வச்சுக்குங்க. நானே நேர்ல வந்து கேட்டாத்தான் திறக்கணும். என் பேரைச் சொல்லி வேற யாரு வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க.”

“டுஃபியே அழுதா?”

“அழட்டும்.”

அவர் இழுத்தார். மேல் வரிசையும் அணைந்து, ஃப்ரீஸர்களின் உறுமல் நின்றது. பிராகோ அம்மா டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பார்த்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லாரிபாவின் தோளைப் பிடித்து இழுத்து அவளையும் பார்க்க வைத்தார். மூன்று தகடுகளும் விலகி நின்றன. லாரிபா தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் முழுவதும் பிராகோ அம்மா மேடைமேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தன் கடையில் எத்தனை கட்டுத் துணி நனைந்தது என்று போய்ப் பார்க்கக்கூட இல்லை. யார் யாரோ வந்து கேட்டார்கள். மசூதிப் பக்கத்து டீக்கடைக்காரர், சங்கத்துச் செயலாளர், எல்லோரும். எல்லோருக்கும் ஒரே பதில், இடுப்பு முடிச்சைத் தட்டிக் காட்டுவதுதான். அந்த முடிச்சில் ஒரு பெண்ணின் உயிர் இருக்கிறது என்பதை அவர் உட்கார்ந்திருந்த தினுசிலேயே பார்க்கலாம்.

டுஃபியே மீனையெல்லாம் வெளியே எடுத்து, லாரி ஷெட்டில் அடுப்பு மூட்டிப் பொரிக்க ஆரம்பித்தாள். யாரோ புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டை கொண்டுவந்தார்கள், யாரோ மிளகாய் அரைத்தார்கள். மேடைக்கும் தட்டு போனது, நான் லாரிபாவுக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவள் என் கடை போர்டைப் பிரித்துப் பல்துலக்கும் பிரஷால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரில் நிற்கிறேன் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

அதற்குத் தெரியாது என்றாள். “அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்க்கா. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். துளி குறைஞ்சாலும் எங்க போச்சுன்னு கேக்காது, அப்பவே நிறுத்திரும்.” அந்தத் துளி எவ்வளவு என்று கேட்டேன். சின்ன பல்பில் ஓடுவதைவிடக் குறைவு என்றாள். எவ்வளவு நேரத்தில் நிறுத்தும் என்றேன். வாயைத் திறந்து பதில் சொல்லப் போனவள் நிறுத்தி, விரலைச் சொடுக்கிக் காட்டினாள். பிறகு, இதைவிட முன்னால் என்றாள்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என் தலைக்கு மேலே இத்தனை மாதமாக ஒன்று போனதையும் வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஜிப் அளந்து கொடுத்தபோதும், மத்தியானம் கண்ணயர்ந்தபோதும். அது விழாமல் போயிருக்கும், ஒரு துடைப்பக் கட்டை வந்து குத்திப் பார்த்திராவிட்டால். யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மீன் ஆறுகிறது என்றாள் லாரிபா. தட்டைக் கொடுத்தேன்.

சாவு வீட்டுக்காரர்கள் ஓரத்தில் செம்மண் கறை படிந்த துணியைக் கட்டிக்கொண்டே பிணத்தை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு எல்லோரும் வந்து கூடியிருந்தபோது லாரிபா மேடைக்கு வந்து, நேராக நின்று, சாவியைக் கேட்டாள். பிராகோ அம்மா முடிச்சை அவிழ்த்தார். கைப்பிடி ஏறியது. விளக்குகள் எரிந்தன. யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கடைக்குப் போய் நிமிர்ந்து அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள்.

அடுத்த வருஷம் வரிசைக்கு ஒரு கைப்பிடி வைப்பது என்று சங்கத்தில் பேச்சு வந்தது. அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் டுஃபியே. இந்த மீன்காரிக்கு இப்போது கைப்பிடிமேல் என்ன ஆசை என்று துணி வரிசைக்காரிகள் சீண்டினார்கள். ஒரு வரிசையில் வேலை நடக்கும்போது அந்த வரிசை மட்டும் அணைந்தால் போதுமே, தன் மீனை ஏன் ஊருக்குப் பொரித்துப் போட வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

“அன்னிக்கு எத்தனை தட்டு தின்னீங்கன்னு எனக்குத் தெரியும்” என்று பிராகோ அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“உப்புக் கம்மி” என்றார் அவர்.